பாய்மரப் படகில் நீர்க்கசிவா? ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடிக்க 20 குறிப்புகள்

கேபினின் தரைப்பலகையைத் தூக்கினால் அடியில் தண்ணீர். பாய்மரப் படகு வைத்திருக்கும் எல்லோருக்கும் இது ஒருநாள் வரும். பம்ப் போட்டு இறைத்துவிட்டு, ஈரம் தெரிந்த இடத்தில் சீலன்ட் பூசினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடிவதில்லை. தண்ணீர் தெரியும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு. ஃபைபர் படகுகளில் வெளிச்சுவருக்கும் உட்கூட்டுக்கும் நடுவே இடைவெளி உண்டு. முன்பக்கம் தளத்தில் ஒரு திருகாணி ஓரமாக இறங்கும் மழைநீர், அந்த இடைவெளியில் ஓடி இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப் படுக்கையை நனைக்கும். அதனால் சீலன்ட் ட்யூபை எடுக்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள்: இது என்ன தண்ணீர்? எப்போது வருகிறது? எந்த வழியாக வருகிறது? இதே வரிசையில் போனால் வீண் அலைச்சலும் வீண் செலவும் மிச்சம்.

என்ன தண்ணீர்?

1. முதலில் பொட்டு ஈரமில்லாமல் துடையுங்கள். பழைய தண்ணீரும் புதுத் தண்ணீரும் கலந்து கிடக்கும்வரை துப்புத் துலங்காது. படகின் அடியில் நீர் தேங்கும் பள்ளமான பில்ஜைப் பம்பால் இறைத்து, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றியெடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் விட்டு எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசிப் பழைய வேட்டித் துணியால் துடையுங்கள். காய்ந்த உப்பு ஒட்டியிருந்தால், அடுத்து வரும் மழைநீர்கூடக் கடல்நீர் போல உப்புக் கரிக்கும். அலசுவதில் சிக்கனம் வேண்டாம்.

2. அறை அறையாகப் பிரித்து வையுங்கள். பில்ஜின் குறுக்குச் சட்டங்களில், நீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடச் சிறு துளைகள் இருக்கும். அவற்றைக் களிமண்ணாலோ புட்டியாலோ தற்காலிகமாக அடைத்தால், எந்த அறையில் முதலில் நீர் சேர்கிறது என்பது தெரியும். தேடும் பரப்பு பத்து மீட்டரிலிருந்து ஒரு மீட்டராகச் சுருங்கிவிடும். வேலை முடிந்ததும் அடைப்புகளை மறக்காமல் எடுத்துவிடுங்கள். துளை அடைபட்டிருந்தால் அவசரத்தில் பம்புக்குத் தண்ணீர் வந்து சேராது.

3. நாக்கில் வைக்காமல், டி.டி.எஸ். மீட்டரில் பாருங்கள். நுனி நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பது பழைய வழக்கம். ஆனால் பில்ஜ் தண்ணீரில் டீசலும் கழிவறை நீரும் கலந்திருக்கலாம். வீட்டில் ஆர்.ஓ. தண்ணீரைச் சோதிக்க வைத்திருக்கும் சிறிய டி.டி.எஸ். மீட்டரே போதும். மழைநீர் சில பத்துகளைக் காட்டும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35,000 மில்லிகிராம் உப்பு. வீட்டு மீட்டர் அதைக் காட்ட முடியாமல் உச்சத்தில் முட்டி நிற்கும். குடிநீர் டேங்க் தண்ணீரையும் படகைச் சுற்றியுள்ள நீரையும் தனித்தனியாக அளந்து வைத்துக்கொண்டு, பில்ஜ் நீர் எதோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். ஆற்று முகத்துவாரத்தில் படகு நின்றால் மழைக்காலத்தில் வெளிநீரின் உப்பே குறைந்துவிடும். அதனால் வெளிநீரை அளக்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

4. சந்தேகப் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். நன்னீர் என்றால் மழை, குடிநீர் டேங்க், குழாய் இணைப்புகள், வெந்நீர் ஹீட்டர், உருகிய ஐஸ், காலைக் குளிரில் சுவரில் படியும் ஈரம். உப்புநீர் என்றால் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள வால்வுகள், புரொப்பெல்லர் தண்டு, சுக்கான் தண்டு, இன்ஜினைக் குளிர்விக்கும் கடல்நீர்க் குழாய், கழிவறை, படகின் அடியில் தொங்கும் கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். அலையடிக்கும்போது தளத்தின் இணைப்புகளும் சேரும். பச்சையாகவோ சிவப்பாகவோ வழுவழுப்பாக இருந்தால் அது இன்ஜின் கூலன்ட். ஒரே சோதனையில் பட்டியல் பாதியாகிறது.

எப்போது வருகிறது?

5. படகின் நிலையோடு பொருத்திப் பாருங்கள். ஒரு நோட்டில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்:

- நங்கூரமிட்டு நிற்கும்போதும் உப்புநீர் ஏறினால்: வால்வு, குழாய், தண்டு சீல், கழிவறை.
- இன்ஜின் ஓடும்போது மட்டும் என்றால்: கடல்நீர்ப் பம்ப், எக்ஸாஸ்ட் குழாய், புரொப்பெல்லர் தண்டு.
- பாய் விரித்துச் சாய்ந்து ஓடும்போது மட்டும் என்றால்: உடலும் தளமும் சேரும் இணைப்பு, செயின்பிளேட், கீல் போல்ட், சைஃபன்.
- ஒரு பக்கம் சாயும்போது மட்டும் என்றால்: அந்தப் பக்கம் நீரில் அமிழும் துளைகளை முதலில் பாருங்கள்.
- மழைக்குப் பிறகு மட்டும் என்றால்: பாய்மரம், ஜன்னல், ஹேட்ச் மூடி, தளத்துத் திருகாணிகள்.

6. சொட்டுகளை எண்ணுங்கள். ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லிலிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளொன்றுக்கு 86,400 சொட்டு, அதாவது நான்கு லிட்டருக்கு மேல். பில்ஜில் ஒரு நாளில் நான்கு லிட்டர் சேர்கிறது, நீங்கள் கண்டுபிடித்ததோ நிமிடத்துக்கு இரண்டு சொட்டு என்றால், குற்றவாளி இன்னும் அகப்படவில்லை. பம்ப் எத்தனை தடவை ஓடியது என்று காட்டும் சிறு கவுண்டரை ஃப்ளோட் சுவிட்ச்சோடு இணைத்து வைப்பது நல்லது. தானியங்கிப் பம்ப் சத்தமில்லாமல் இறைத்துக்கொண்டே இருந்தால், கசிவு வளர்வது யாருக்கும் தெரியாமல் போகும்.

எந்த வழியாக வருகிறது?

7. முகப் பவுடரும் டிஷ்யூ பேப்பரும் நல்ல துப்பறிவாளர்கள். சந்தேகப்படும் குழாய் இணைப்புக்குக் கீழே காய்ந்த பரப்பில் முகப் பவுடரை மெல்லியதாகத் தூவுங்கள். ஒரு சொட்டு ஓடினாலும் பவுடரில் கோடு விழும். கோட்டின் தலைமாட்டைப் பிடித்து மேலே போங்கள். ஒவ்வொரு கிளிப்பையும் சுற்றி டிஷ்யூ பேப்பரைக் கட்டி ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் கறையாக நிற்கும். இன்ஜின் ஓடும்போது பெல்ட்டுக்கும் சுழலும் தண்டுக்கும் பக்கத்தில் தாளோ துணியோ கட்டக் கூடாது.

8. குடிநீர் டேங்கில் சாயம் கலந்து பாருங்கள். சமையலுக்குப் பயன்படும் பச்சை நிறம் சிறிதளவு போதும், உடம்புக்குக் கேடில்லை. இரண்டு நாளில் பில்ஜில் பச்சை தெரிந்தால் குற்றவாளி டேங்க்கோ அதன் குழாயோதான். குழாய் எல்லாம் மூடியிருக்கும்போதும் அழுத்தப் பம்ப் இரவில் தானாக ‘டிர்ர்’ என்று ஓடினால், எங்கோ நன்னீர் ஒழுகுகிறது. பம்பை அணைத்ததும் கசிவும் நின்றுவிட்டால், பம்புக்கு அடுத்துள்ள குழாயில் கோளாறு. அணைத்தும் நிற்கவில்லை என்றால் டேங்கைப் பாருங்கள்.

9. படகின் துளைகளுக்கு ஒரு வரைபடம் போடுங்கள். உடலில் எங்கெங்கே ஓட்டை போட்டு வால்வு பொருத்தியிருக்கிறார்கள் என்பதைத் தாளில் வரைந்து, கேபின் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை திறந்துகொண்டால், நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் உள்ளே வரும். அந்த நேரத்தில் வால்வு எங்கே என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் அதன் அளவுக்கேற்ற கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

10. வால்வைத் தொட்டும் சுரண்டியும் பாருங்கள். கைப்பிடி அசையாமல் இறுகிப்போன வால்வு, இருந்தும் இல்லாததற்குச் சமம். மாதம் ஒருமுறை திறந்து மூடுங்கள். பித்தளை வால்வுகளில் கடல்நீர் துத்தநாகத்தை அரித்துவிடும். பார்க்க முழுதாக இருக்கும், தட்டினால் உடையும். மேல்புறத்தைக் கத்தி நுனியால் லேசாகச் சுரண்டும்போது மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்புத் தெரிந்தால் மாற்றும் நாள் வந்துவிட்டது. குழாயில் இரண்டிரண்டு கிளிப் போடுங்கள். கிளிப்பின் அடிப்பகுதியில்தான் துரு முதலில் பிடிக்கும். அங்கே விரலை விட்டுத் தடவினால் ஈரமும் துருவும் கையோடு வரும்.

11. புரொப்பெல்லர் தண்டின் கிளாண்ட் கொஞ்சம் சொட்டலாம், ஒழுகக் கூடாது. பழைய வகைக் கிளாண்டில், எண்ணெய் ஊறிய கயிற்றைத் தண்டைச் சுற்றி வளையம் வளையமாக அடைத்திருப்பார்கள். தண்டு சுழலும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழ வேண்டும். அந்த நீர்தான் கயிற்றையும் தண்டையும் குளிரவைக்கிறது. இன்ஜினை அணைத்ததும் சொட்டு நிற்க வேண்டும், அல்லது ஏறக்குறைய நிற்க வேண்டும். தண்டு நின்ற பிறகு கிளாண்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்கள், தண்டு தேயும். ஒழுகினால் நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, ஓட்டிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் திருப்புங்கள். இறுக்கியும் அடங்காவிட்டால் கிளாண்ட் கயிற்றை மாற்ற வேண்டும். புது வளையங்களின் வெட்டுவாய்கள் ஒரே நேர்கோட்டில் வராமல் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். சொட்டாத நவீன சீல் என்றால் அதன் ரப்பர் உறைக்கு ஆயுள் உண்டு. தயாரிப்பாளர் சொன்ன ஆண்டு முடிந்ததும், கசியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

12. இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்வழியைக் கடைசிவரை பின்தொடருங்கள். வால்வு, வடிகட்டி, பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சர், எக்ஸாஸ்ட் வளைவு என்று வரிசையாக டார்ச் அடித்துப் பாருங்கள். பல கடல்நீர்ப் பம்புகளின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அதன் வழியே நீர் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது என்று பொருள். அந்தத் துளையை அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் கடல்நீர் பேரிங்கிலோ இன்ஜின் எண்ணெயிலோ சேரும்.

13. சைஃபனைச் சந்தேகியுங்கள். எங்கும் ஓட்டை இல்லை, குழாய் எல்லாம் நலம், ஆனாலும் தண்ணீர் ஏறுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். கழிவறைக் குழாயோ பில்ஜ் பம்பின் வெளிக்குழாயோ படகு சாயும்போது நீருக்குள் அமிழ்ந்தால், கடல் அதே குழாய் வழியாகத் திரும்பி உள்ளே பாயும். குழாயை நீர்மட்டத்துக்கு மேலே வளைத்து, வளைவின் உச்சியில் காற்று நுழையும் வால்வு வைக்க வேண்டும். படகு சாய்ந்த நிலையிலும் அந்த உச்சி நீருக்கு மேலே இருக்க வேண்டும். அந்தச் சிறு வால்வில் உப்புப் படிந்து அடைத்திருந்தால் வளைவு இருந்தும் பயனில்லை. ஓர் இரவுக்கு ஒரு வால்வு என்று மூடி வைத்துப் பார்த்தால் எந்தக் குழாய் என்பது அகப்படும்.

14. பாய்மரத்தின் காலடியைப் பாருங்கள். பாய்மரம் தளத்தைத் துளைத்து அடிவரை இறங்கும் படகுகளில், கயிறு நுழையும் வாய்கள் வழியாக மழைநீர் மரத்துக்குள்ளேயே இறங்கிப் பில்ஜுக்கு வரும். இதை முழுக்க நிறுத்த முடியாது, வழிவிட்டு வடிக்கத்தான் முடியும். ஆனால் தளத்துக்கும் பாய்மரத்துக்கும் நடுவே உள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதைச் சரிசெய்யலாம். கேபினுக்குள் தளத்துக்குச் சற்றுக் கீழே பாய்மரத்தைச் சுற்றித் துணி கட்டுங்கள். மழைக்குப் பிறகு துணி நனைந்திருந்தால் உறை. துணி காய்ந்து காலடி மட்டும் நனைந்திருந்தால் மரத்தின் உள்வழி.

15. செயின்பிளேட் கசிவைத் தள்ளிப் போடாதீர்கள். பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் ஸ்டே கம்பிகள், தளத்தை ஊடுருவிப் போகும் செயின்பிளேட் என்ற எஃகுப் பட்டைகளில் மாட்டியிருக்கும். காற்று மாறும்போதெல்லாம் அந்தப் பட்டை நூலிழை அளவு அசையும். அந்த அசைவில் சீலன்ட் விட்டுப்போகும். கேபினுக்குள் அலமாரிக் கதவைத் திறந்து, பட்டை பொருத்தியுள்ள பிளைவுட் தடுப்பைப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் நீர் வழிந்த கோடு, திருகாணித் தலையைச் சுற்றித் துரு, ஸ்க்ரூடிரைவர் நுனியை அழுத்தினால் மரத்துக்குள் இறங்குதல் — இவற்றில் ஒன்று இருந்தாலும் வேலை இருக்கிறது. காற்றுப் படாமல் ஈரத்தில் அடைபட்டுக் கிடக்கும் துருப்பிடிக்காத எஃகும் உள்ளுக்குள் அரித்து வெடிக்கும். இந்தக் கசிவைக் கவனிக்காமல் விட்டால் நனைவது மெத்தையோடு நிற்காது, பாய்மரமே சாயலாம். பட்டையைக் கழற்றுமுன், பாயை ஏற்றும் ஹால்யார்ட் கயிற்றால் பாய்மரத்துக்கு மாற்றுப் பிடிப்புக் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரே ஸ்டேயை மட்டும் தளர்த்துங்கள்.

16. ஹோஸ் சோதனையைக் கீழிருந்து மேலே நடத்துங்கள். தளத்தில் உள்ள கம்பித்தூண், ஜன்னல், ஹேட்ச் எல்லாவற்றின் ஓரங்களையும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். ஒருவர் வெளியே ஹோஸ் பிடிக்க, ஒருவர் உள்ளே டார்ச்சும் கைக்கண்ணாடியுமாக உட்காரட்டும். தாழ்வான இடத்தில் டேப்பைப் பிரித்துப் பத்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். ஒன்றுமில்லை என்றால் அடுத்தது, அதற்கு மேலே அடுத்தது. மேலிருந்து தொடங்கினால் வழிந்தோடும் நீர் கீழே உள்ள எல்லாவற்றையும் நனைத்துக் குழப்பிவிடும். அழுத்தமாகப் பீய்ச்சக் கூடாது; நல்ல இணைப்பிலும் அது தண்ணீரை ஏற்றிவிடும்.

17. ஹோஸுக்கு அகப்படாததைச் சோப்பு நுரை காட்டும். ஹேட்சுகளை மூடி, காற்றுத் துவாரங்களை டேப்பால் அடைத்து, வாசலில் அட்டை பொருத்தி அதன் வழியே ஒரு புளோயரால் கேபினுக்குள் காற்றை ஊதுங்கள். வெளியே தளத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தால், ஓட்டை உள்ள இடத்திலெல்லாம் குமிழி கிளம்பும். சைக்கிள் ட்யூப் பஞ்சர் பார்க்கிற அதே கணக்கு. கம்ப்ரஸர் வேண்டாம், அந்த அழுத்தம் ஜன்னலைப் பெயர்த்துவிடும்.

18. தட்டிப் பார்த்து, தோண்டி அடையுங்கள். பல ஃபைபர் படகுகளின் தளத்தில் இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரம் இருக்கும். திருகாணி வழியே நீர் புகுந்தால் அது ஊறிக் கூழாகிவிடும். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டுங்கள்: நல்ல இடம் ‘டக்’ என்று கணீரென ஒலிக்கும், ஊறிய இடம் ‘பொத்’ என்று மந்தமாக ஒலிக்கும். மரம் நன்றாக இருந்தால் திருகாணித் துளையைப் பெரிதாக்கி, எபாக்ஸி ஊற்றி இறுகவிட்டு, அதன் நடுவே புதுத் துளை போடுங்கள். இனி திருகாணி கசிந்தாலும் நீர் மரத்தைத் தொடாது. பொருளைக் கழற்றி, பழைய பசையை முழுக்கச் சுரண்டி, பியூட்டைல் டேப் வைத்துத் திரும்பப் பூட்டுவதே நிலைக்கும். மேலாகச் சிலிகோன் பூசினால் பழைய ஓட்டை மறையும், அடைபடாது. பிறகு எந்தப் பசையும் அந்த இடத்தில் ஒட்டாது. அக்ரிலிக் ஜன்னலுக்குப் பாலியூரித்தேன் சீலன்ட் ஆகாது.

19. மரப்படகென்றால் அவசரப்படாதீர்கள். நெடுநாள் கரையில் காய்ந்த மரப்படகைத் தண்ணீரில் இறக்கினால் பலகைச் சந்துகள் வழியே கசியத்தான் செய்யும். பலகை நீரை உறிஞ்சி ஊதியதும் சில நாளில் சந்து தானே இறுகும். அதுவரை பம்ப் கைவசம் இருக்கட்டும், படகைத் தனியே விட்டுப் போகாதீர்கள். ஒரு வாரம் கழித்தும் ஒரே சந்தில் நீர் வந்தால்தான் அங்கே பஞ்சுத் திரி வைத்துக் கலப்பற்று அடிக்க வேண்டும். காய்ந்த சந்தில் கெட்டியான பசையை இறுக்கி நிரப்பினால், பலகை ஊதும்போது நெருக்கிச் சட்டத்தையே பிளந்துவிடும்.

20. கீலில் கசிவு தெரிந்தால் கடலுக்குப் போகாதீர்கள். படகின் அடியில் தொங்கும் கனமான கீல்தான் அதை நிமிர்த்தி வைக்கிறது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சுற்றிப் பில்ஜில் துருக்கறை, கீலின் முன்முனையில் உடலோடு சேரும் இடத்தில் விரிசல், தரை தட்டிய பிறகு புதிதாக வரும் உப்புநீர் ஆகியவை அபாய அறிகுறிகள். 2014 மே மாதம், ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ‘சீக்கி ரஃபிக்கி’ என்ற 12 மீட்டர் பாய்மரப் படகு, நடு அட்லாண்டிக்கில் நீர் ஏறுவதாகக் கரைக்குத் தகவல் அனுப்பியது. அதிலிருந்தவர்கள் உடலையும் வால்வுகளையும் சோதித்தும் நீர் வரும் வழியைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கவிழ்ந்து கிடந்த படகு பின்னர் கண்டுபிடிக்கப்பட்டபோது அதில் கீல் இல்லை. நான்கு பேரும் திரும்பவில்லை. முன்பு தரை தட்டியதும் அதற்கான பழுதுபார்ப்புகளும் கீலின் பிடிப்பைப் பலவீனப்படுத்தியிருக்கக்கூடும் என்று பிரிட்டிஷ் கடல் விபத்து விசாரணைப் பிரிவின் அறிக்கை சொன்னது. வால்வு, குழாய், தண்டு, சைஃபன் எல்லாம் பார்த்த பிறகும் உப்புநீர் ஏறுகிறதென்றால் அடுத்த சந்தேகம் கீல்மேல் விழ வேண்டும். துறையில் இருந்தால் படகைக் கரையேற்றிச் சர்வேயரிடம் காட்டுங்கள். கடலில் இருந்தால் பாயைக் குறைத்து, லைஃப் ஜாக்கெட் அணிந்து, உயிர்காப்புத் தெப்பத்தைத் தயாராக வைத்து, வி.எச்.எஃப். 16-ஆம் சேனலிலோ செயற்கைக்கோள் போனிலோ உடனே உதவி கேளுங்கள். நிலைமை முற்றட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எந்தக் கசிவை அடைத்தாலும், அது முதலில் எந்த நிலையில் வந்ததோ அதே நிலையில் மறுபடி சோதியுங்கள். மழையில் வந்தது என்றால் ஹோஸ் பிடியுங்கள். சாயும்போது வந்தது என்றால் துறைக்கு அருகிலேயே அதே பக்கம் சாய்த்து ஓட்டிப் பாருங்கள். தேதி, இடம், தண்ணீரின் தன்மை, செய்த வேலை எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவையுங்கள். பில்ஜ் காய்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே நீண்ட பயணம் கிளம்புங்கள். காரணம் தெரியாத தண்ணீர் ஒரு குவளைதான் என்றாலும், அதோடு துறையை விட்டுப் போகாதீர்கள்.